கருமருந்து டார்கெட் ரைஃபிளுக்கு எவ்வளவு எடையில் பேரல் வேண்டும்? முதன்முறை ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கருமருந்துத் (பிளாக் பவுடர்) தோட்டா ரைஃபிள் போட்டிகளுக்கென்று சிங்கிள் ஷாட் (ஒரு முறைக்கு ஒரே தோட்டா) ரைஃபிள் ஒன்றைச் சொல்லிச் செய்யப் போகிறீர்களா? மரம், சைட் (குறி பார்க்கும் உறுப்பு), வேலைப்பாடு எல்லாவற்றையும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆர்டர் தாளில் ‘பேரல் எடை’ என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பலர் திணறுகிறார்கள். ‘ஸ்டாண்டர்டு’, ‘ஹெவி’ என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். கனமான பேரல்தானே நன்றாகச் சுடும் என்று ‘ஹெவி’யில் டிக் அடித்துவிடுவார்கள். ஓராண்டு காத்திருந்து வாங்கிய ரைஃபிள், போட்டி மைதானத்துத் தராசில் வரம்பைத் தாண்டி நிற்கும்.

பேரல் எடை என்பது மற்ற எல்லாம் முடிவான பிறகு மிஞ்சும் எடை. அதை முதலில் தேர்வு செய்ய முடியாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு தராசு, ஒரு கால்குலேட்டர், ஒரு அளவு நாடா போதும்.

1. எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

என்ஆர்ஏ (அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம்) நடத்தும் கருமருந்துத் தோட்டா சில்லவுட் (விலங்கு, பறவை உருவத் தகடுகளைச் சுட்டு வீழ்த்தும்) போட்டியில், சாதாரண சைட் பொருத்திய ரைஃபிளின் எடை வரம்பு 12 பவுண்டு 2 அவுன்ஸ். ஏறத்தாழ 5.5 கிலோ. இதில் சைட்டும் சேர்த்தி. நடுத்தர, நெடுந்தூரக் காகித இலக்குப் போட்டிகளுக்கான வரம்பு 15 பவுண்டு. மூன்று பவுண்டு வித்தியாசம் என்றால் பேரலே வேறாகிவிடும். தொலைநோக்கி சைட் வைத்துச் சுடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பிரிவின் விதியைத் தனியாகப் படியுங்கள். நடப்பு ஆண்டின் விதிப்புத்தகத்தை இறக்கி, எடை வரம்பும் பேரல் நீளமும் உள்ள பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். உள்ளூர் கிளப் போட்டிகளுக்குச் சொந்த வரம்பு இருக்கலாம். அதைப் போட்டி நடத்துபவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் சேர்த்து வையுங்கள்.

சில்லவுட்டில் கோழி 200 மீட்டர், பன்றி 300, வான்கோழி 385, செம்மறிக்கடா 500. கோழியை மட்டும் எதன் மீதும் சாய்க்காமல் நின்றபடி சுட வேண்டும். மற்ற மூன்றுக்கும் குறுக்குக் கம்புகளில் பேரலை வைத்துச் சுடலாம். புதியவர்கள் புள்ளிகளை அதிகம் இழப்பது கோழியில்தான். எனவே சில்லவுட்தான் உங்கள் முக்கியப் போட்டி என்றால், நின்று சுடும்போது உங்கள் கை தாங்கக்கூடிய எடைதான் உண்மையான வரம்பு. விதிப்புத்தக எண் அதற்கு அடுத்தபடிதான்.

இரண்டு வகைப் போட்டிக்கும் ஒரே ரைஃபிள் வேண்டுமா? 12 பவுண்டு 2 அவுன்ஸுக்குள் செய்யுங்கள். அது 15 பவுண்டு போட்டியிலும் செல்லும். 15 பவுண்டு ரைஃபிளைச் சில்லவுட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

2. காகிதங்கள்: பணம் கட்டும் முன் சரிபாருங்கள்

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி என்று பதிவாவது ஆக்‌ஷன், அதாவது ரிசீவர்: தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் நடுப்பகுதி. பேரல் வெறும் உதிரி பாகம். அதனால் பேரலை வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாம்; ஆக்‌ஷனையோ முழு ரைஃபிளையோ உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் பெற முடியும். பேரல் விற்பனைக்குச் சில மாநிலங்கள் தனிச் சட்டம் கொண்டுவருகின்றன. உங்கள் மாநில நிலவரத்தை டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

டீலரிடம் துப்பாக்கி வாங்குவோருக்கான கூட்டரசுப் படிவம் 4473 நிரப்ப வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை கட்டாயம்; தற்போதைய முகவரியும் அரசு ஆவணத்தில் இருக்க வேண்டும். வீடு மாறியும் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்து, புதிய முகவரியைக் காட்டும் வேறு அரசு ஆவணமும் இல்லை என்றால் அன்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். பச்சை அட்டை உள்ளவர்கள் அதன் எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும்.

எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாக்களில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குடியேறாதோர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. அதிகம் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். வாங்கும் நாளில் மட்டும் அல்ல, ரைஃபிள் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வேட்டை உரிமத்தின் நகலும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எண்ணும் டீலரிடம் தேவைப்படும். இதில் ஒரு தவறு நடந்தால் விசாவே போய்விடும். ஆர்டர் கொடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். அந்தக் கட்டணம் ரைஃபிள் விலையில் சிறு பங்குதான்.

1898 அல்லது அதற்கு முன் செய்த பழைய ஆக்‌ஷன் மீது புதுப் பேரல் பூட்டுவதும் வழக்கம். கூட்டரசுச் சட்டம் அந்த ஆக்‌ஷனைத் தொல்பொருளாகக் கருதுகிறது. ஆனால் மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம். அந்த ஆண்டுக்குரியதுதான் என்பதற்குச் சீரியல் எண் ஆதாரம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

3. முதலில் தோட்டா, பிறகு எடை

எடை கூடினால் உதை குறையும் என்பது உண்மைதான். எவ்வளவு குறையும் என்று பாருங்கள். .45-70 தோட்டாவில் (.45 என்பது அங்குலத்தில் துளையின் அளவு) 530 கிரெயின் (சிறு எடை அலகு) ஈயக்குண்டு, 65 கிரெயின் கருமருந்து, விநாடிக்கு 1,180 அடி வேகம் என்று கணக்கிட்டால், 10 பவுண்டு ரைஃபிளின் உதை சுமார் 18 அடி-பவுண்டு. 12 பவுண்டு ரைஃபிளில் 15. 15 பவுண்டு ரைஃபிளில் 12.

இப்போது .40-65 தோட்டாவில் 400 கிரெயின் குண்டும் 60 கிரெயின் மருந்தும் போட்டு ஏறத்தாழ அதே வேகத்தில் சுட்டால், 10 பவுண்டு ரைஃபிளிலேயே உதை 11 அடி-பவுண்டுக்குச் சற்று மேல்தான். அதாவது 15 பவுண்டு .45-70 கொடுக்கும் சுகத்தை 10 பவுண்டு .40-65 கொடுத்துவிடுகிறது. உதைக்குப் பயந்து பேரலைக் கனமாக்குவது சுற்றி வளைத்துப் போகும் வழி. தோள் தாங்காது என்றால் தோட்டாவை மாற்றுங்கள். 500 மீட்டர் கடாவை விழவைக்க .45-ன் கனமான குண்டுக்குத்தான் பலம் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். 1,000 கஜத்துக்கும் போவதாக இருந்தால் .45-லேயே இருங்கள்.

ஒரு பொறி: தோட்டாவை .45-லிருந்து .40-க்கு மாற்றிவிட்டு, பேரலின் வெளி அளவை அப்படியே விட்டுவிடுவார்கள். துளை சிறுத்தால் உள்ளே இரும்பு கூடும். 30 அங்குலப் பேரலில் இது 4 முதல் 5 அவுன்ஸ். வரம்பைத் தொட்டு நிற்கும் ரைஃபிளை இதுவே வெளியே தள்ளிவிடும்.

4. பேரல் தவிர எல்லாவற்றையும் எடை போடுங்கள்

ஆக்‌ஷன், ட்ரிகர், லீவர், தோள்கட்டை, முன்கட்டை, அடித்தகடு (தோளில் பதியும் தகடு), பின் சைட், நீர்மட்டத்துடன் கூடிய முன் சைட், திருகுகள். ஒன்றையும் விட வேண்டாம். தபால் எடை போடும் டிஜிட்டல் தராசு போதும், அவுன்ஸில் படியுங்கள். பாகங்கள் இன்னும் கையில் இல்லை என்றால், தயாரிப்பாளரிடம் ‘இதே மாடலில் பேரல் இல்லாமல் எடை எவ்வளவு?’ என்று எழுதிக் கேளுங்கள். நல்ல கடைகள் பதில் சொல்லும்.

மரத்தில் கவனம் வேண்டும். ஒரே அச்சில் கடைந்த இரண்டு வால்நட் கட்டைகளுக்கிடையே சில அவுன்ஸ் வித்தியாசம் சர்வசாதாரணம். அடர்த்தியான அலங்கார ரேகை மரம் கேட்டால் எடையும் கூடும். கட்டை முடிந்த பிறகு பேரல் அளவை இறுதி செய்வதுதான் பாதுகாப்பு. அப்படிச் செய்ய வழியில்லை என்றால் வரம்புக்குக் கீழே விடும் இடைவெளியைப் பெருக்குங்கள்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு. ஆக்‌ஷனும் அதைச் சேர்ந்தவையும் 52 அவுன்ஸ், மரமும் தகடும் 38, இரண்டு சைட்டும் 10. மொத்தம் 100 அவுன்ஸ். வரம்பான 12 பவுண்டு 2 அவுன்ஸ் என்பது 194 அவுன்ஸ். மீதி 94. இதில் 3 அவுன்ஸை ஒதுக்கி வையுங்கள். தராசுக்குத் தராசு சிறு வித்தியாசம் இருக்கும். பின்னால் சைட்டில் கூடுதல் உறுப்பு பொருத்த நினைப்பீர்கள். மரம் ஈரம் குடிக்கும். ஆகப் பேரலுக்குக் கிடைப்பது 91 அவுன்ஸ், அதாவது 5.69 பவுண்டு.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். மேலே உள்ளதைப் பார்த்து எழுதாமல் சொந்தமாக எடை போடுங்கள்.

5. அந்த எடைக்குள் எந்தப் பேரல் அடங்கும் என்று கணக்கிடுங்கள்

ஒரு கன அங்குலம் பேரல் எஃகின் எடை சுமார் 0.284 பவுண்டு. குரோம்-மாலி எஃகானாலும் துருப்பிடிக்காத எஃகானாலும் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

உருண்டைப் பேரலுக்கு: விட்டத்தின் வர்க்கம் × 0.785.
எட்டுப்பட்டைப் பேரலுக்கு: எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையிலான அகலத்தின் வர்க்கம் × 0.828.
இதிலிருந்து துளையின் பரப்பைக் கழியுங்கள். .45-க்கு 0.16, .40-க்கு 0.13 சதுர அங்குலம்.
வரும் விடையை 0.284-ஆல் பெருக்கினால் ஓர் அங்குல நீளத்தின் எடை கிடைக்கும்.

அடியிலிருந்து (ஆக்‌ஷன் பக்க முனை) வாய் (குண்டு வெளியேறும் முனை) வரை மெலிந்து போகும் பேரல் என்றால் இரு முனைகளின் அளவைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டாம். அடி அளவின் வர்க்கம், வாய் அளவின் வர்க்கம், அடியையும் வாயையும் பெருக்கி வரும் தொகை மூன்றையும் கூட்டி மூன்றால் வகுங்கள். வர்க்கத்துக்குப் பதிலாக அந்த எண்ணை மேலே உள்ள கணக்கில் போடுங்கள்.

நம் 5.69 பவுண்டுக்குள் .45-க்கு அடங்கும் மூன்று பேரல்கள் இவை:

முதல் பேரல்: 30 அங்குல நீளம், முழுக்க ஒரே அளவான 1 அங்குல எட்டுப்பட்டை. எடை 5.69 பவுண்டு.

இரண்டாம் பேரல்: 30 அங்குல எட்டுப்பட்டை, அடியில் 1.10 அங்குலம், வாயில் 0.87 அங்குலம். எடை 5.51 பவுண்டு.

மூன்றாம் பேரல்: 32 அங்குலம். அடியில் 9 அங்குலத்துக்கு 1.10 எட்டுப்பட்டை, மீதி 23 அங்குலம் உருண்டை, 1.05-லிருந்து 0.82 வரை மெலிவது. எடை 5.61 பவுண்டு.

மூன்றும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கையில் எடுத்தால் ஒன்றல்ல. அது அடுத்த படி.

தோட்டா அறை, அடிப்பக்கத் திருகு மரை, சைட்டுக்கான வெட்டு ஆகியவற்றில் கொஞ்சம் இரும்பு போகும். அந்த ஓரிரு அவுன்ஸைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கட்டும்.

6. எடை எங்கே உட்காருகிறது?

முதல் பேரலின் எடை மையம் அடியிலிருந்து சரியாக 15 அங்குலத்தில். இரண்டாவதும் மூன்றாவதும் 13.6 அங்குலத்தில். பேரல் தவிர்த்த மற்ற பாகங்களின் எடை மையம் பேரலின் அடியிலிருந்து 6 அங்குலம் பின்னால் என்று வைத்துக்கொண்டால், முழு ரைஃபிளின் சமநிலைப் புள்ளி முதல் பேரலில் அடிக்கு 4 அங்குலம் முன்னால் வரும். மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 3.2 அங்குலம். அந்த முக்கால் அங்குலத்தை நின்று சுடும் கை உடனே உணரும்.

வாய்ப்பக்கம் கனத்தால் குறி மெதுவாக அசையும். நடுக்கம் குறைந்த மாதிரி தெரியும். முதல் ஐந்து குண்டு வரை அது உண்மையும்கூட. இருபதாவது குண்டில் இடது தோள் தளரும், பேரல் கீழே இறங்கும், அதைத் தூக்கிப் பிடிக்க முதுகை வளைப்பீர்கள், குறி போய்விடும். வாரத்தில் நான்கு நாள் ரைஃபிளைத் தூக்கிப் பழகுபவருக்கு முதல் பேரல் சரி. அலுவலக வேலை செய்துகொண்டு மாதம் ஒரு முறை சுடுபவருக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான் என் பரிந்துரை. படுத்தோ உட்கார்ந்தோ மட்டும் சுடும் நெடுந்தூரக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வரம்பு 15 பவுண்டு, கம்பு தாங்கிக்கொள்ளும். தாராளமாக ஏற்றலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கருமருந்துக் குண்டு மெதுவாகப் போவதால் பேரலுக்குள் 3 முதல் 4 மில்லி விநாடி வரை இருக்கும். 12 பவுண்டு .45-70 அதற்குள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடும். 9 பவுண்டு ரைஃபிள் 7 மில்லிமீட்டர் நகரும். குண்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசைகிறது என்பதால், பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். எடை கூடக் கூட இந்தக் குறை மட்டுப்படும். 10 பவுண்டுக்குக் கீழே போகும் டார்கெட் ரைஃபிளைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். உதை அதற்கு அடுத்த காரணம்.

மெலிந்த பேரலின் விறைப்பையும் பாருங்கள். 1 அங்குல உருண்டைப் பேரலை 0.9 ஆக்கினால் எடை கால் பங்கு குறையும், விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அப்படிப்பட்ட பேரலைக் குறுக்குக் கம்பில் வைக்கும் இடம் இரண்டு அங்குலம் மாறினாலே குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கும். நீளமாகவும் இருக்க வேண்டும், மெலிசாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்த வினை வரும். அடியைத் தடிப்பாக வைத்து வாயை நோக்கி மெலிய விடுவது இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம். கம்பில் வைக்கும் இடத்தைப் பேரலின் கீழ்ப்பக்கத்தில் சிறு குறி போட்டு வைத்துக்கொண்டால் எந்தப் பேரலும் ஒழுங்காக நடக்கும்.

சூடு: கருமருந்துக் கரி ஈரமாக இருக்கும் வரை குண்டு ஒழுங்காகப் போகும். பேரல் சூடேறினால் கரி காய்ந்து கெட்டிப்படும், குறி சிதறும். கனமான பேரல் மெதுவாகச் சூடாகும். ஆனால் வெயில் காலத்தில், அதுவும் நியூ மெக்சிகோவின் ராட்டன் போன்ற வறண்ட மேட்டு நிலத்தில், எந்தப் பேரலும் தப்பாது. ஒவ்வொரு குண்டுக்கும் இடையே ஊதுகுழாயில் (பேரலுக்குள் ஈர மூச்சை ஊதும் குழாய்) கூடுதலாக இரண்டு மூச்சு ஊதுவதும், ஈரத் துணியால் துடைப்பதும் தரும் பலனை அரை பவுண்டு எஃகு தராது. சூட்டைக் காரணம் காட்டி எடையை ஏற்ற வேண்டாம்.

7. ஆர்டர் கொடுக்கும் முன் கையால் சோதியுங்கள்

அருகில் நடக்கும் போட்டிக்குப் பார்வையாளராகப் போங்கள். இந்த விளையாட்டில் இருப்பவர்கள் தங்கள் ரைஃபிளைத் தூக்கிப் பார்க்கத் தயங்காமல் கொடுப்பார்கள். துப்பாக்கி திறந்து காலியாக இருக்கிறது என்று இருவரும் பார்த்த பிறகு, சுடும் கோட்டில், அனுமதி பெற்று, நின்றபடி குறி பிடியுங்கள். பத்து விநாடி பிடிப்பது, இருபது விநாடி இறக்கி வைப்பது, இப்படிப் பத்துத் தடவை. முதல் மூன்று தடவையில் வரும் அபிப்பிராயத்தை மதிக்காதீர்கள். எட்டாவது, ஒன்பதாவதில் முன் சைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த ரைஃபிளின் மொத்த எடையையும் சமநிலைப் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். விரலின் மேல் நிறுத்தி, ஆக்‌ஷனின் முன்விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்தால் போதும். மூன்று நான்கு ரைஃபிள்களில் இப்படிச் செய்தாலே உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

8. ஆர்டர் தாளில் என்னென்ன எழுத வேண்டும்

‘ஹெவி’ என்று மட்டும் எழுதவே கூடாது. ஒரு கடையின் ஹெவி இன்னொரு கடையின் ஸ்டாண்டர்டாக இருக்கும். மொன்டானாவின் பிக் டிம்பர் என்ற ஒரே சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ், சி. ஷார்ப்ஸ் ஆர்ம்ஸ் என்று இரண்டு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பெயரை நம்பாமல் அளவைக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எழுத வேண்டியவை: முடிந்த நீளம், அடி அளவு, வாய் அளவு, எட்டுப்பட்டை எத்தனை அங்குலத்தில் முடிகிறது, துளை மற்றும் வரிப்பள்ள (துளைக்குள் குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளம்) விட்டம், வரிச்சுற்று (அந்தப் பள்ளம் ஒரு சுற்று சுற்றும் நீளம்; .45-70-ல் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று பரவலாக உள்ளது, நீண்ட குண்டுக்கு 16), எஃகு வகை, தோட்டா அறையின் வரைபடம். கடைசி வரியாக இதைச் சேருங்கள்: ‘சைட்டுடன் முழு ரைஃபிளின் எடை 11 பவுண்டு 15 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தால் இரும்பைத் தொடும் முன் எனக்குச் சொல்லவும்.’ கையெழுத்திட்டு, அவர்கள் கையெழுத்தையும் பெற்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கு வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த வரிதான்.

பழைய ஆக்‌ஷனில் புதுப் பேரல் பூட்டுவதென்றால் பேரலின் பட்டைகள் ஆக்‌ஷனின் பட்டைகளோடு ஒட்டிப் போகுமா என்றும் கேளுங்கள். 1.10 பேரல் நீங்கள் கேட்டு, ஆக்‌ஷன் முகம் அதைவிட அகலமாக இருந்தால் படிக்கட்டு மாதிரி தெரியும். அடியை எவ்வளவு மெலிசாக்கலாம் என்பதை மட்டும் கன்ஸ்மித்தின் (துப்பாக்கி வேலை செய்பவர்) முடிவுக்கு விடுங்கள். அறைச் சுவரின் தடிமன் உயிர் சம்பந்தப்பட்டது.

9. செலவும் காலமும்

கடைக்குக் கடை மாறும். சுமாரான எல்லைகள் இவை. தரமான பேரல் 350 முதல் 600 டாலர். எட்டுப்பட்டை மெலிவு வடிவத்துக்குத் தனிக் கட்டணம் 100 முதல் 200. மரை வெட்டி, அறை குடைந்து, ஆக்‌ஷனில் பூட்ட 300 முதல் 600. நிறமேற்றல் தனி. நல்ல பின் சைட் மட்டுமே 400 டாலருக்கு மேல் போகும். புதிதாக முழு ரைஃபிள் என்றால் 2,500 டாலரிலிருந்து தொடங்கி, மரத்தையும் வேலைப்பாட்டையும் பொறுத்து இரு மடங்கு வரை ஏறும். டீலர் மாற்றுக் கட்டணம் 25 முதல் 75.

காலத்துக்குப் பேரல் தயாரிப்பாளரிடம் சில மாதங்கள், கன்ஸ்மித்திடம் சில மாதங்கள் என்று ஓராண்டு வையுங்கள். முழு ரைஃபிளுக்கு அதற்கும் மேல். பெரிய போட்டிகள் கோடையில் வருவதால், அடுத்த கோடையில் சுட வேண்டும் என்றால் இந்தக் கோடைக்கு முன்பே ஆர்டர் போக வேண்டும். ரைஃபிள் வந்த பின் குண்டு, மருந்து அளவு சரிப்படுத்த இன்னும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

ஆக்‌ஷனைக் கன்ஸ்மித்துக்கு அனுப்பினால், உரிமம் உள்ள கன்ஸ்மித் வேலை முடிந்து உங்களுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம். மறுபடி 4473 தேவையில்லை. எந்த கூரியர் எடுத்துக்கொள்ளும் என்பதை கன்ஸ்மித்திடமே கேட்டு, அவர் சொல்லும் வழியில் அனுப்புங்கள். அனுப்பும் முன் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, காப்பீடும் போடுங்கள்.

10. வந்த பிறகு

முதல் வேலை எடை போடுவது. சைட் பொருத்தி, தோட்டா இல்லாமல். வரம்புக்குள் இருந்தால் முதல் ஐம்பது குண்டு வரை எதையும் மாற்ற வேண்டாம்.

அதிகமாக இருந்தால் முதலில் அடித்தகட்டைக் கழற்றி, தோள்கட்டைக்குள் துளை போட்டு மரத்தைக் குறையுங்கள். சில அவுன்ஸ் போகும், வெளியே தெரியாது. ஆனால் பின்பக்கம் எடை குறைவதால் முன்பக்கம் கனக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே முன்கனம் உள்ள ரைஃபிளுக்கு இது மருந்தல்ல. அதற்குப் பேரலின் வாயைத்தான் வெட்ட வேண்டும். மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் பேரல்களில் ஓர் அங்குலம் வெட்டினால் ஏறத்தாழ 2 அவுன்ஸ் போகும். லேத்தில் வெட்டி, வாய் விளிம்பைப் புதிதாகக் கடைந்து, முன் சைட் வெட்டையும் மாற்ற வேண்டும். ரம்பம் வைத்து வீட்டில் செய்யும் வேலை அல்ல. இரண்டு சைட்டுக்கும் இடையிலான தூரம் குறைவதால் பழைய சைட் அளவுகள் எல்லாம் மாறும். எல்லாத் தூரத்துக்கும் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறைவாக இருந்து முன்பக்கம் கனத்தால், தோள்கட்டைத் துளையில் ஈயத்தை இறுக்கமாக வையுங்கள். ஆடினால் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டையை உள்ளிருந்து இடிக்கும், நாளடைவில் மரம் விரியும். சுற்றிலும் துணியோ மெழுகோ வைத்து அடையுங்கள். நான்கு அவுன்ஸில் தொடங்கி, நின்றபடி பத்துத் தடவை பிடித்துப் பார்த்து, பிறகு இரண்டிரண்டு அவுன்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மொத்த எடையைக் குறித்து, 12 பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.